உறையில் தனுஷிகா, உள்ளே நிரூபா

லூசியானா
செப்ரெம்பர் 4, 2025

அக்கா,

இப்படி எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உறையில் தனுஷிகா பொன்னம்பலம் என்றுதான் எழுதியிருக்கிறேன். உள்ளே இருப்பது நிரூபாவுக்கு. பயப்படாதீர்கள். இங்கே கடிதங்களை உடைத்துப் பார்ப்பார்கள், ஆனால் தமிழ் வாசிக்க ஒருவரும் இல்லை. போனில் கதைப்பதுதான் பதிவாகும். அதனால்தான் நீங்கள் எடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பன்னிரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன்.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத பக்கத்தை நான் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து எல்லைப் பாலம் கடந்து வருகிறவர்களைக் கனடாக்காரர் திருப்பி அனுப்புவார்கள், ஆனால் கூடப்பிறந்தவர்கள் அங்கே இருந்தால் உள்ளே எடுப்பார்கள் என்று பிரவீனன் சொன்னான். மெக்சிக்கோவிலிருந்து என்னோடு நடந்து வந்தவன் அவன். தன் அண்ணனைச் சொல்லி அப்படித்தான் போனான். எனக்கும் அக்கா இருக்கிறா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன். உங்கள் நம்பரைக் கொடுத்தேன். அதிகாரி ஸ்பீக்கரில் போட்டார்.

“சுலக்சன் உங்கள் தம்பியா?” என்று அவர் கேட்டார். பின்னால் பஸ் நிற்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அது திரும்ப வெளிக்கிட்டது. பிறகு, “எனக்குத் தம்பி இல்லை. ஊரில் தெரிந்த பொடியன்” என்றீர்கள். ஆங்கிலத்தில்தான் சொன்னீர்கள். அவ்வளவு ஆங்கிலம் எனக்குத் தெரியும்.

அன்றைக்கே என்னைத் திருப்பி அமெரிக்கர் கையில் கொடுத்தார்கள். கையிலும் காலிலும் இடுப்பிலும் சங்கிலி போட்டு விமானத்தில் ஏற்றினார்கள். இறங்கிய இடம் லூசியானா என்று மரியோதான் சொன்னான். பக்கத்துக் கட்டில்காரன், ஹொண்டுராஸ். முந்திச் சிறைச்சாலையாக இருந்த கட்டடம். சுற்றிவரப் பைன் மரக்காடு. வெயில் நம்மூர் வெயில், ஆனால் வியர்வை காயாது. மற்ற மாநிலங்களில் மாவட்டத்தைக் கவுண்டி என்பார்கள், அதை இங்கே பங்கு என்கிறார்கள், வேதக்காரரின் கோயில் பங்கு போல. பழைய பிரெஞ்சு, ஸ்பானியக் காலத்துப் பழக்கமாம். நான் எந்தப் பங்கில் கிடக்கிறேன் என்று பெயர் தெரியும், வரைபடத்தில் தேடிப்பார்க்கத்தான் வழியில்லை.

என் வழக்கு நவம்பர் 18. ஒரே ஒரு வழி இருக்கிறது என்று இலவச லோயர் சொல்கிறார். நீங்கள் என்னுடைய கூடப்பிறந்த அக்கா என்று ரொறன்ரோவில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினால், கனடாவில் திரும்ப விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதுவரை என்னை ஏற்ற வேண்டாம் என்று இங்கே கேட்கலாம். ஏற்றினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக ஆட்கள் நிற்பார்கள். கொண்டுபோய்க் காணாமல் ஆக்கிய அப்பாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா வீதியில் இருந்தா. அம்மா செத்த பிறகு அந்தப் படத்தை நான் தூக்கினேன். அதற்காக என்னை இரண்டு தரம் கூட்டிப்போனார்கள். மூன்றாம் தரம் திரும்பி வரமாட்டேன்.

ஒரு கடதாசி. ஒரு கையெழுத்து. உங்களிடம் வேறு எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

சுலக்சன்


மல்வேர்ன், ரொறன்ரோ
செப்ரெம்பர் 19, 2025

தம்பி,

பன்னிரண்டு இல்லை, பதினான்கு தரம். ஒவ்வொரு தரமும் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். கனடாவுக்கு வெளிக்கிட்டதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? சொன்னால் வேண்டாம் என்பேன் என்றா? வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பாலத்துக்குப் போகாதே, என் பெயரைச் சொல்லாதே, கடதாசியில் நான் உன் அக்கா இல்லை என்று சொல்லியிருப்பேன். நான் கனடாவுக்கு வந்தபோது உனக்கு ஏழு வயது. நான் பெயர் மாறிப் போனது மட்டும்தான் உனக்குத் தெரியும். எப்படி மாறியது என்று அம்மா உனக்குச் சொல்லியிருக்கமாட்டா.

2003இல் பொன்னம்பலம் மாமா கனடாவிலிருந்து குடும்பத்தைக் கூப்பிட அலுவல் பார்த்து முடித்த நேரம், அவருடைய மகள் தனுஷிகா நெருப்புக் காய்ச்சலில் செத்துப்போனாள். என் வகுப்புத்தான். ஒரே வாங்கில் இருந்தவள். சண்டைக்குப் பிடித்துப் போவார்கள் என்று வயதுப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கத் தாய் தகப்பன் பயந்த காலம் அது. அப்பாவும் மாமாவும் கூட்டாளிகள். செத்தவீட்டுக்கு மாமா பறந்து வந்தார், அங்கே வைத்தே பேசி முடித்தார்கள். ஆஸ்பத்திரியில் செத்தது நிரூபா என்று பதிந்தார்கள். அம்மாதான் கையெழுத்து வைத்தா. ஒரு கிழமையில் நான் தனுஷிகாவின் படிவத்தில் ஏறி, அவளுடைய தாயை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு கொழும்புக்குப் போனேன். ஊரில் எனக்கு மரணச் சான்றிதழ் இருக்கிறது, சுலக்சன். அது உன் கையில்கூட இருக்கலாம், அம்மாவின் கடதாசிப் பையில்.

இங்கே குடியுரிமை எடுத்ததும் அந்தப் பெயரில்தான். கூடப்பிறந்தோர் என்ற இடத்தில் ஒருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். இப்போது நான் மாற்றிச் சொன்னால் அவ்வளவும் பொய் என்றாகும். பொய் சொல்லி எடுத்த குடியுரிமையைத் திருப்பி எடுக்கலாம் என்பது சட்டம். மாமாவுக்கு எழுபத்தேழு வயது. இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் இருக்கிறார். அவர் மேலும் வழக்கு வரும்.

அந்த அதிகாரி கேட்டபோது நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றேன். யோசிக்க நேரமில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். பிள்ளைகள் இரண்டும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். பிறகுதான் சொன்னேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போனேன்.

வேறு எதையும் கேள். லோயரை மாற்றட்டுமா? யாரைப் பிடிக்க வேண்டும் என்று சொல். இதை மட்டும் கேட்காதே. சாப்பிடுகிறாயா?

அக்கா


லூசியானா
ஒக்ரோபர் 6, 2025

அக்கா,

சாப்பிடுகிறேன். வெள்ளைப் பாணும் அவித்த போஞ்சியும். நேற்று வெண்டிக்காய் போட்ட ஒரு குழம்பு தந்தார்கள். அதைக் கம்போ என்பார்கள். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்த சனத்தின் மொழிகள் சிலவற்றில் வெண்டிக்காய்க்கு ஏறக்குறைய அந்தப் பெயர்தானாம். இங்கே நெல் விதைக்கத் தெரிந்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்களாம். ஊர், பெயர், பிள்ளை எல்லாவற்றையும் பறித்துவிட்டு அவர்களுடைய சமையலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். செலீன் என்றொரு மனுசி வியாழக்கிழமைகளில் வந்து எங்களைப் பார்க்கிறா. பள்ளிக்கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவ. வாய் காரம். காவலாளிகளையே ஏசுவா. பேரன் படித்த மாநில வரலாற்றுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தா. வேறு வேலை இல்லாததால் அகராதியோடு வாசிக்கிறேன். ஒரு பிரெஞ்சு ராசாவின் பெயரை வைத்த நிலம். 1803இல் பிரான்சு இதையும் இதைப்போல் பல மடங்கு நிலத்தையும் அமெரிக்காவுக்கு விற்றது. இருந்த சனத்தை ஒருவரும் கேட்கவில்லை. பழங்குடிகளின் நிலத்தை யாரோ யாருக்கோ விற்றார்கள். தெற்கே கடல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நிலத்தைத் தின்கிறதாம். மீன்பிடிக் கிராமங்கள் வரைபடத்திலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன.

செலீனின் சனம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கனடாவிலிருந்து. இப்போது நோவா ஸ்கோஷியா என்கிற கரையில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள். எங்கள் ராசாவுக்கு விசுவாசம் என்று சத்தியம் செய்யுங்கள் என்று பிரித்தானியர் கேட்டார்கள். அவர்கள் கேட்டபடி இவர்கள் செய்யவில்லை. 1755இல் வீடுகளைக் கொளுத்திக் கப்பல்களில் ஏற்றினார்கள். தாய் ஒரு கப்பல், பிள்ளை ஒரு கப்பல். வழியில் பாதிச் சனம் நோயில் போய்விட்டது. அலைந்து அலைந்து கொஞ்சப்பேர் இந்தச் சேற்றில் வந்து சேர்ந்தார்கள். “என் கொள்ளுப்பாட்டனின் கொள்ளுப்பாட்டன் தன் தங்கச்சியைச் சாகும்வரை தேடினார்” என்று சொல்லி செலீன் அழுதா. இருநூற்றெழுபது வருடம் ஆகிவிட்டது, இன்னும் அழுகிறா. அவவின் தாய் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு கதைத்ததற்கு முழங்காலில் நின்றவ.

நான் எதற்காக இதை எழுதுகிறேன் என்று விளங்கும். அவர்களைக் கனடாவிலிருந்து துரத்தினார்கள். நான் கனடாவுக்குள் விடுங்கள் என்று கேட்கிறேன். செலீனின் பாட்டன் தன் தங்கச்சி எந்தக் கப்பல் என்று தெரியாமல் தேடினார். என் அக்கா எந்த வீடு, என்ன நம்பர் என்று எனக்குத் தெரியும். அவதான் என்னைத் தெரியாது என்கிறா.

இன்னொன்று. இந்த மாநிலத்துச் சட்டம் மற்ற மாநிலங்கள்போல் இல்லை. பழைய பிரெஞ்சு, ஸ்பானியச் சட்டத்திலிருந்து வந்தது. சின்ன வயதுப் பிள்ளைக்குச் சொத்தில் பங்கில்லை என்று தகப்பன் நினைத்தபடி எழுதிவைக்க முடியாதாம். தம்பிகளுக்கு அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

இதைக் கோபத்தில் எழுதினேன். கிழிக்கமாட்டேன்.

மரியோவை வெள்ளிக்கிழமை கொண்டுபோய்விட்டார்கள். பெயரைக் கூப்பிட்டார்கள், எழும்பினான், போனான். அவனுடைய சப்பாத்து இன்னும் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. ஒவ்வொரு தரமும் பெயர் கூப்பிடும்போது நான் என் சப்பாத்தைத் தேடுகிறேன். அக்கா, எனக்குப் பயம். இருபத்தொன்பது வயதில் இப்படி எழுத வெட்கம், ஆனால் பயம். பிள்ளைகளைச் சொல்கிறீர்கள். எனக்கு மட்டும் ஆர் இருக்கினம்? நவம்பர் 18. நாற்பத்து மூன்று நாள்.

சுலக்சன்


மல்வேர்ன்
ஒக்ரோபர் 21, 2025

சுலக்சன்,

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் வைத்து வாசித்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் வாசலில் மூத்தவள் நிற்கிறாள்.

அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினொரு வயது. சொல்லியிருக்கக்கூடாது, ஆனால் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. லூசியானாவைக் கணினியில் போட்டுக் காட்டினாள். மிசிசிப்பி ஆறு கடலில் விழுகிற இடம் கந்தல் துணிபோலக் கிடக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து உன்னிடம் கார் ஓட இருபது மணித்தியாலத்துக்கு மேலாம். பிறகு கேட்டாள்: “அம்மா, அங்கிளை டிப்போர்ட் பண்ணினால், நெக்ஸ்ற் உங்களையும் பண்ணுவினமா?” இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தால் வந்ததும் முதலில் என் அறையை எட்டிப் பார்க்கிறாள், நான் இருக்கிறேனா என்று.

உன் அத்தானுக்கும் எனக்கும் ஒரு கிழமையாகச் சண்டை. “நீ கையெழுத்து வைச்சால் அவன் வருவானோ தெரியாது, நீ போறது நிச்சயம்” என்றார். “அவன்ரை உயிர் பெரிசுதான், இல்லையெண்டு நான் சொல்லேல்லை. இந்த ரெண்டுக்கும் தாய் வேணுமெல்லோ?” அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அஜக்ஸுக்குப் போய் மாமாவிடமும் கதைத்தேன். முதலில் சத்தம் போட்டார். “அப்ப உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது பிழையோ? அங்கையே விட்டிட்டு வந்திருக்கோணுமோ?” என்றார்.  நான் வெளிக்கிடும்போது, “என்ரை பிள்ளைக்கு நான் இன்னும் ஒரு திவசம் செய்யேல்லை பிள்ளை. எந்தப் பேரிலை செய்யிறது?” என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அதைப் பற்றிக் கதைத்தது அன்றைக்குத்தான். காரை ஓட்டமுடியாமல் வீட்டு வாசலிலேயே கனநேரம் இருந்தேன்.

தெரியாது என்று நான் சொல்லவில்லை, தம்பி. ஊரில் தெரிந்த பொடியன் என்றேன். அது இன்னும் மோசம் என்று எனக்கும் தெரியும்.

எனக்கு நேரம் தா. இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்று சொல்ல இன்னும் முடியவில்லை. உன் நாளுக்கு முன் முடிவு சொல்வேன். அதுவரை ஒன்றிலும் கையெழுத்து வைக்காதே. அவசரப்பட்டு ஒன்றும் செய்யாதே.

அக்கா


லூசியானா
நவம்பர் 13, 2025

அன்புள்ள அக்கா,

முதலில் என்னை மன்னியுங்கள். தம்பிகளுக்குச் சட்டம் இல்லை என்று எழுதியதற்கு. உங்கள் கடிதம் மாதம் பிறந்துதான் கைக்கு வந்தது. அன்றிலிருந்து உங்கள் மகள்தான் என் தலைக்குள். பள்ளிக்கூடப் பையோடு அறையை எட்டிப் பார்க்கிற பிள்ளை. அப்பாவைக் கொண்டுபோன பிறகு நானும் அப்படித்தான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்ன வியாதி என்று எனக்குத் தெரியும்.

வழக்கை முன்னுக்கு எடுத்துவிட்டார்கள். 18 இல்லை, நேற்று. செவ்வாய்க்கிழமை பின்னேரம்தான் சொன்னார்கள். உங்களுக்கு அறிவிக்க வழியில்லை. போன் எடுத்தால் பதிவாகும். எடுக்கவில்லை.

வான் வண்டியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். இந்த மாநிலத்தை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். வெட்டு முடிந்த வயல்களில் திரும்பத் தண்ணீர் கட்டி, உள்ளே ஆற்று இறாலுக்குக் கூடு போட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே சிவப்புத் தலைகளாகக் கூடுகள் தெரிந்தன. ஒரே வயலில் நெல்லும் இறாலும். நல்ல கெட்டிக்காரச் சனம். இங்கே ஒரு வேலை கிடைத்தால் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். சங்கிலியோடு இருக்கிறவனின் யோசனையைப் பாருங்கள்.

மன்றில் அரச லோயர் என் கதையைக் கேட்கவில்லை. உங்களைத்தான் கேட்டார். எல்லையில் அக்கா என்று ஒரு பெண்ணைச் சொன்னாயே, அவள் யார்? எந்தப் பெயரில், எந்த ஆண்டு கனடாவுக்குப் போனாள்? அங்கே எழுதி விசாரிக்கப் போகிறோம் என்றார். உங்கள் நம்பர் அவருடைய கோப்பில் இருந்தது.  என் லோயர் பேசாமல் இரு என்று கையைப் பிடித்தார். நான் எழும்பினேன்.

வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்து சொன்னேன். அந்தப் பெண் எனக்கு ஒருவரும் இல்லை. கனடாவுக்குள் போவதற்காகப் பொய் சொன்னேன். எனக்கு ஒரே அக்கா. பெயர் நிரூபா. 2003இல் நெருப்புக் காய்ச்சலில் செத்துப்போனா. வழி முழுக்க நான் கொண்டுவந்த அம்மாவின் பையில் இருந்த மரணச் சான்றிதழைக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் வாசித்தார். நீதிபதி வாங்கிப் பார்த்தார். உங்களைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

எல்லையில் பொய் சொன்னவன் என்பதால் மற்றது ஒன்றையும் நம்பமுடியாது என்று தீர்ப்பு. மேல்முறையீடு வேண்டாம் என்று கையெழுத்து வைத்துவிட்டேன். வழக்கு இழுபட்டால் உங்களைத் திரும்பக் கிண்டுவார்கள். திங்கட்கிழமை ஏற்றுவார்களாம்.

அழுதுகொண்டு எழுதவில்லை. பயம் இருக்கிறது, ஆனால் முந்தியமாதிரி இல்லை. உங்களுக்கு இனி ஒரு கரைச்சலும் வராது. அந்தக் கோப்பு மூடியாயிற்று. மாமாவிடம் சொல்லுங்கள், தனுஷிகாவின் திவசத்தைத் தன் பாட்டில் செய்யட்டும், கடவுள் பெயர் கேட்கமாட்டார். பிள்ளையிடம் அம்மா ஒரு இடமும் போகமாட்டா என்று சொல்லுங்கள். இந்தமுறை அது உண்மை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடவேண்டாம். ஒரு கடதாசியும் அனுப்பவேண்டாம்.

தம்பி


மல்வேர்ன்
நவம்பர் 14, 2025

என்ரை தம்பி,

வைத்துவிட்டேன்! இன்று காலை பத்தரைக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன்.

சுருக்கமாக எழுதுகிறேன், கூரியர்காரர் வர முதல் இதையும் கட்டுக்குள் வைக்கவேண்டும். நிலாணி என்று ஒரு லோயர், ஸ்காபரோவில். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மணித்தியாலம். அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. “அன்ரி, இதிலை சைன் பண்ணினால் திரும்பிப் போகேலாது, விளங்குதோ?” என்று மூன்று தரம் கேட்டது. மூன்று தரமும் ஓம் என்றேன்.

சத்தியக் கடதாசியின் முதல் வரி: நான் நிரூபா. மரணச் சான்றிதழில் இருப்பது பொய், அதை எழுதுவித்தது யார், எதற்காக என்று அடுத்த வரிகள். இரத்தம் சோதிக்கவும் சம்மதம் என்று எழுதியிருக்கிறேன். ஒரு பிரதி இங்கே நீதிமன்றத்துக்கும் குடிவரவுக்கும் இன்றைக்கே போய்விட்டது. மற்றது உன் லோயருக்கு, திங்கட்கிழமை கிடைக்கும். 18ஆம் திகதிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. காணும்.

மாமாவும் வந்தார். நான் கூப்பிடவில்லை. பஸ் பிடித்து, இரண்டு இடத்தில் மாறி, கோட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். “என்ரை பிள்ளை செத்திட்டாள் எண்டு நானும் ஒருக்கா வாயாலை சொல்லோணும்” என்றார். அவரும் கையெழுத்து வைத்தார். உன் அத்தான் வரவில்லை. ஆனால் காலையில் காரின் பனியை வழித்து, எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

இனி அவர்கள் என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. கடிதம் வரும், விசாரணை வரும், வருடக்கணக்கில் இழுக்கும் என்று நிலாணி சொன்னாள். இழுக்கட்டும். பஸ்ஸில் உன்னை யாரோ பொடியன் என்று சொன்ன வாயோடு எனக்கு இனி இருக்கமுடியாது. மூன்றரை மாதமாகச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குச் சாப்பிட்டேன்.

நீ வந்தால் கீழ் அறை உனக்கு. மூத்தவள் இப்போதே தன் சாமான்களை அங்கிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டாள். நீ எழுதிய அந்த வெண்டிக்காய்க் குழம்பை எப்படி வைப்பது என்று செலீனிடம் கேட்டு எழுது.

இப்போது கவனமாகக் கேள். நிலாணி திருப்பித் திருப்பிச் சொன்னது ஒன்றுதான். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம், உன் சொல்லும் என் சொல்லும் ஒன்றாக இருக்கவேண்டும், அதில் ஒரு இம்மி மாறினாலும் இரண்டு பேரும் முடிந்தோம் என்றாள். அதனால் பயந்து ஒன்றும் உளறாதே. யார் என்ன கேட்டாலும் நடுங்காதே. நீதிபதி கேட்டால், எனக்கு ஒரு அக்கா இருக்கிறா, உயிரோடு இருக்கிறா, ரொறன்ரோவில் இருக்கிறா என்று சொல். அவ்வளவுதான் நீ செய்யவேண்டியது.

அக்கா